நாவில் எடுக்காத பெயர்

ட்ரெகேட்டி
12 செப்டம்பர் 1943

சரோஜ் அப்பாவுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று கொதித்துக்கொண்டிருப்பீர்கள். சொல்லியிருந்தால் மட்டும் விட்டிருப்பீர்களா? நீங்கள் சங்கப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, சோற்றை மூடி வைத்துவிட்டு இஸ்மாயில் பாயின் லாரியில் ஏறினேன். அவரைத் திட்டாதீர்கள். கை கூப்பிக் கேட்டேன், பாவம், அவரால் மறுக்க முடியவில்லை.

லாஞ்சுப் படகில் வழியெல்லாம் வாந்தி. நபோவாலு துறையில் மாப்பிள்ளை ராஜேந்திரா மாட்டு வண்டியோடு நின்றார். அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருக்கிறது. அங்கிருந்து வண்டியில் ஒரு பகல் முழுக்க வந்தோம். அவருடைய பெரியப்பா வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோம். எங்கே பார்த்தாலும் சேறும் நெல்லும். கரும்பு ஒரு குச்சி கிடையாது. அது ஒன்றுதான் எனக்கு இங்கே நிம்மதி.

சரோஜுக்கு ஆறு மாதம் நடக்கிறது. முகம் வெளுத்துப் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அப்பா என்னம்மா சொன்னாரு?" விசாரித்தார் என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "உனக்குப் பொய் சொல்லவே வரலம்மா" என்றாள்.

அங்கே இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. இப்போது நடுவில் கடல் இருக்கிறது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். ஜூலையில் பள்ளிக்கூட முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் வேதத்தின் மேல் கை வைத்து நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "ஆலைக்காரனோட வெல தீர்ற வரைக்கும் கரும்புல கத்தி வைக்கிறவன் எவனோ, அவன் வாசல மிதிக்க மாட்டேன். அவனுக்கு என் கெணத்துல தண்ணி இல்ல. அவன் வீட்டுப் பொணத்துக்குத் தோள் குடுக்க மாட்டேன். அவன் பேர நாக்குல எடுக்க மாட்டேன். என் ரத்தமானாலும் சரி, கர்த்தர் கேக்கட்டும்!" அப்பல்சாமி தம்பி எரிகிற சூடத்தின் மேல் அடித்தார். இஸ்மாயில் பாய் மட்டும் "அல்லா நாடினால்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். பாய் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணுகிறார் என்று நீங்கள்கூடக் கேலி செய்தீர்கள்.

அந்த முற்றத்தில் சரோஜ் இல்லை. வட்டுகோலாவில், சுரங்கத்து லைன் வீட்டில், புருஷனுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் வயிற்றில் தங்காத மனுஷனைப் பஸ்ஸில் சாய்த்துக் கூட்டிவந்து, கரும்புச்சாறாவது தங்குமா என்று தன் சொந்தக் காட்டில் ஒரு கை கரும்பு வெட்டினாள். ஆலைக்கு இல்லை, சந்தைக்கு இல்லை. காய்ச்சல்காரன் வாய்க்கு.

அதற்காகக் கிணற்றை மூடினீர்கள். அந்த வயிற்றோடு அவள் ஆற்றுத் தண்ணீர் தூக்கினாள். கடைசியில் ஊரைவிட்டே போனாள்.

பிரசவம் முடிந்துதான் திரும்புவேன். அதற்குள் ஒரு வரி அவளுக்கு எழுதுங்கள். ஒரே ஒரு வரி.

ருக்மணி

*

தவுவா
26 செப்டம்பர் 1943

ருக்மணிக்கு,

கடிதம் வந்தது. லாரியில் ஏற்றிவிட்டவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்களுக்குள் இப்போது மழையைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

நீ எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். கரும்புக் காட்டில் கத்திச் சத்தம் கேட்கிறது என்று ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். சாலையில் கூட்டம் நின்றது. "எவனா இருந்தாலும் சரி, தீர்ப்பு ஒண்ணுதான்!" என்று கத்தினேன். உள்ளே இருப்பது யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் கரும்பை விலக்கிக்கொண்டு, முக்காடு நழுவ, அந்தப் பெண் வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, எப்ப வந்தீங்க?" என்றாள். என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்பல்சாமி என் கையைப் பிடித்தான். "மாமா, ஆலைக்கு வெட்டுறதத்தான சொன்னோம், வாய்க்கு இல்லியே. அவ கேக்காத சத்தியம் அவள எப்படிக் கட்டும்?" என்றான். கரும்பு வெட்டும் கேங்கில் பாதிப் பேர் அதையேதான் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொண்டால் மறுநாள் என்ன ஆகும்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காய்ச்சல்காரன் முளைப்பான். ஒவ்வொருவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆலைக்காரன் காத்திருப்பதே அதற்குத்தான். கேங்குக்குத் தலைவன், சர்தார் நான். சர்தார் வீட்டுக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம் என்றால் இந்த ஒற்றுமை ஒரு வாரம் நிற்காது.

நஷ்டமானாலும் சொன்ன சொல்லில் நிற்கிறவன்தான் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று தாவீது பாடவில்லையா? கிபியோன்காரர்கள் ஏமாற்றித்தான் யோசுவாவிடம் வாக்கு வாங்கினார்கள். ஏமாந்து கொடுத்த வாக்கானாலும் அது வாக்கு. பின்னால் சவுல் அதை மீறினான், தேசம் முழுக்கப் பஞ்சத்தில் கிடந்தது. நான் மீறினால் இந்த ஊருக்கு என்ன வருமோ என்று பயப்படுகிறேன். இதை நீ நம்ப வேண்டும்.

கிணற்றுக் கயிறு அறுந்தது, மாற்றிவிட்டேன். உன் கோழிகள் நான் கூப்பிட்டால் வருவதில்லை.

நீ அந்த வீட்டுச் சோறு சாப்பிடுகிறாய். விலை தீர்வதற்கு முன் இங்கே திரும்பினால் உன்னை எப்படி உள்ளே சேர்ப்பது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

யோ. வீரசாமி

*

ட்ரெகேட்டி
10 அக்டோபர் 1943

சரோஜ் அப்பாவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் மேலே "ருக்மணிக்கு" என்று இருந்தது. யாருக்கோ வந்தது என்று நினைத்தேன். நீங்கள் சுவாவுக்கு மிஷன் கூட்டத்துக்குப் போன காலத்தில்கூட "சரோஜ் அம்மாவுக்கு" என்றுதானே எழுதுவீர்கள்? அவள் பிறந்ததிலிருந்து எனக்கு அதுதானே பெயர்? அப்புறம்தான் புரிந்தது. என்னைக் கூப்பிட வேண்டுமானால் அவள் பெயரை எழுத வேண்டும். அதற்கு உங்கள் சத்தியம் இடம் கொடுக்கவில்லை. நல்லது. அவளோடு சேர்த்து என் பெயரையும் அடித்துவிட்டீர்கள்.

என்னை வீட்டுக்குள் சேர்ப்பது எப்படி என்று யோசிக்கிறீர்களாம். மெதுவாக யோசியுங்கள், அவசரமே இல்லை.

சவுலைப் பற்றி எழுதினீர்கள். எனக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொல்லித்தந்தார்கள். யுத்தம் முடிகிறவரை சாயங்காலத்துக்குள் எவனாவது சாப்பிட்டால் அவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் சனங்களை ஆணையிட வைத்தான். மகன் யோனத்தான் அதைக் கேட்கவில்லை, அவன் வேறு பக்கம் சண்டையில் இருந்தான். காட்டில் தேனைக் கண்டான், கோல் நுனியால் தொட்டு வாயில் வைத்தான். கண் தெளிந்தது. தேனுக்குப் பதில் கரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். சவுலும் உங்களைப் போலத்தான், யாரென்று தெரிவதற்கு முன்னாலேயே, என் மகனானாலும் சாகவே வேண்டும் என்றான். அப்புறம் என்ன நடந்தது? சனங்கள் குறுக்கே விழுந்தார்கள். அவன் தலைமயிரில் ஒன்றும் கீழே விழக்கூடாது என்றார்கள். சவுல் விட்டுவிட்டான். ராஜாவே விட்டுவிட்டான்! அப்பல்சாமி தம்பி கையைப் பிடித்தும் நீங்கள் விடவில்லை. நீங்கள் என்ன, சவுலைவிடப் பெரிய ராஜாவா?

யெப்தாவையும் யோசித்துப் பாருங்கள். ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து எது எதிரே வருமோ அதைப் பலி கொடுப்பேன் என்றான். கர்த்தர் கேட்டாரா அவனிடம்? அவனாகத்தான் வாயைக் கொடுத்தான். ஒரே மகள் தம்புரு அடித்து ஆடிக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் துணியைக் கிழித்துக்கொண்டு, ஐயோ என்னைக் கலங்கடித்தாயே என்று பழியை அவள் மேலேயே போட்டான். உங்களுக்கு நினைவிருக்கிறதா, அன்றைக்குச் சாலையில் நீங்கள் அவளைக் கேட்டது? "ஏண்டி எனக்கு இப்படிப் பண்ணின?" என்றீர்கள். கையில் கரும்போடு நின்றாளே, என்ன பண்ணினோம் என்றே தெரியாமல்.

அவளுக்கு நான் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை. கோழி சமாசாரம் மட்டும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ருக்மணி

*

தவுவா
31 அக்டோபர் 1943

ருக்மணிக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு அந்த வாரம் பிரசங்கம் செய்யாமல் பாட்டோடு முடித்துவிட்டேன்.

யோனத்தானைச் சனங்கள் மீட்டார்கள், உண்மை. ஆனால் அதற்குப் பிறகு சவுலின் காலம் இறங்குமுகம்தான் என்பதையும் படித்திருப்பாய். ஜனத்தின் பேச்சைக் கேட்டுக் கேட்டே ராஜ்யத்தைத் தொலைத்தவன் அவன். நான் விடாப்பிடியாக இருக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். விட்டால் எதைப் பிடித்து நிற்பது என்று தெரியாமல் நிற்கிறேன், அதுதான் நிஜம்.

இஸ்மாயில் பாய் வந்திருந்தார். யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க உட்கார்ந்தோம். முதல் கிண்ணம் மழைக்குப் போயிற்று. இரண்டாவது கிண்ணத்தில் சொன்னார்: "சர்தார், எங்க மார்க்கத்துல ஆத்திரத்துல சத்தியம் பண்ணிட்டா வழி இருக்கு. பத்து ஏழைக்குச் சோறு போடு, இல்லாட்டி நோன்பு இரு. அல்லா ஆளைச் சத்தியத்துல போட்டுச் சாகடிக்கச் சொல்லல. உங்க கிதாபுல வழி இல்லியா?"

இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. பதறி ஆணையிட்டவன் தன் குற்றத்தை அறிக்கையிட்டு ஒரு வெள்ளாட்டைக் கொண்டுவரட்டும் என்று மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. நானே இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் அது, என்ன சொல்கிறோம் என்று அறியாமல் சொன்னவனுக்கு. நான் அறிந்தே சொன்னேன். என் ரத்தமானாலும் சரி என்று அதையும் சேர்த்தே சொன்னேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இனித்தது, ருக்மணி. அதற்கு எந்த ஆட்டைக் கொண்டுபோவது?

அந்தப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வீங்கியிருக்கிறதா? உன் அக்காவுக்கு வீங்கியது, அதனால் கேட்கிறேன்.

கிணற்றைத் திறந்துவிட்டேன். தூசி விழாமல் பலகை போட்டிருக்கிறேன், பூட்டு இல்லை.

யோ. வீரசாமி

*

ட்ரெகேட்டி
21 நவம்பர் 1943

சரோஜ் அப்பாவுக்கு,

வீங்கியிருக்கிறது. கால் மட்டுமில்லை, முகமும் விரலும்கூட. வளையல் கழற்ற முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்கிறாள். பக்கத்துக் கொரோவில், அதுதான் இந்தத் தீவின் பூர்வகுடிகளான காய்வீத்திகளுடைய கிராமத்தில், மெரே என்று ஒரு கிழவி பிரசவம் பார்க்கிறாள். பச்சிலை அரைத்துத் தருகிறாள், காலை மடியில் வைத்து நீவிவிடுகிறாள். அவளே ராஜேந்திராவைத் தனியாகக் கூப்பிட்டு, லம்பாசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாளாம். அந்த வழியில் ஆறு பெருகிக் கிடக்கிறது. வண்டி போகாது.

நான் சண்டை போட எழுதவில்லை. சண்டை போடத் தெம்பு இல்லை. இதை மட்டும் கேளுங்கள்.

நம் ஊரில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சியானாலும், இந்து வீடோ துலுக்க வீடோ, நீங்கள் தலையில் கை வைத்து ஜெபித்தால்தான் வலிக்குப் பயமில்லாமல் போவாள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் இவள். நேற்றுச் சாயங்காலம் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம், "உன் கை லேசா இருக்கும்மா. அப்பா கைன்னா கனமா இருக்கும். அது இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

ஆட்டைப் பற்றி எழுதினீர்கள். அறிந்து சொன்னேன் என்கிறீர்கள். என்ன அறிந்தீர்கள்? கரும்புக்குள் யார் இருக்கிறாள் என்று அறிந்தீர்களா? அவள் வயிற்றில் இருந்ததை அறிந்தீர்களா? ஒன்றையும் அறியாமல் சொன்ன வாய்க்குத்தான் அந்த ஆடு. கைதட்டல் இனித்தது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காக நான் உங்களை மன்னித்துவிடுவேன். வந்துவிடுங்கள். யெப்தாவுக்கு அந்த மகள் இரண்டு மாதம் தவணை கேட்டாள், மலையில் அழுதுவிட்டு வர. அந்த இரண்டு மாதமும் அவன் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தான்? ஒருவனாவது அவனிடம் போய், போதும், எழுந்திரு என்று சொல்லியிருக்க மாட்டானா? நான் சொல்கிறேன். எழுந்திருங்கள்.

டிசம்பர் மூன்றாம் தேதி லாஞ்ச் தவுவா பக்கத்திலிருந்து புறப்படுகிறதாம். அதை விட்டால் பதினைந்து நாள். யுத்த காலத்தில் எண்ணெய் இல்லை என்று அதையும் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அந்த லாஞ்சிலேயே வாருங்கள். வாசலை மிதிக்க வேண்டாம், வெளியே களத்தில் நில்லுங்கள். நான் அவளைத் தாங்கிக் கூட்டிவருகிறேன். தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். கையை மட்டும் கொண்டுவாருங்கள்.

ருக்மணி

*

தவுவா
2 டிசம்பர் 1943

ருக்மணிக்கு,

நாளைய லாஞ்சில் இந்தக் கடிதம் வருகிறது. நான் வரவில்லை. முழுக்கப் படி, கிழித்துப் போடாதே.

வரத் தீர்மானித்துவிட்டேன். ஆடு வாங்கிக் கட்டியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் தலையில் கை வைப்பேன், அந்த வீட்டில் சாப்பிடுவேன், பெயரையும் சொல்வேன். ஆனால் திருட்டுத்தனமாக அல்ல. எல்லார் முன்னால் சொன்னதை எல்லார் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் தேதி, பள்ளிக்கூட முற்றத்தில் கேங்கு கூடுகிறது. எழுந்து நின்று, என் சத்தியம் பதற்றத்தில் செய்தது, என்னை விடுவியுங்கள் என்று கேட்கப்போகிறேன். ஆட்டை அறுத்து ஏழைகளுக்குச் சோறு போடுவேன். இஸ்மாயில் பாய் தானே சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வரும் முதல் லாஞ்சில் நான் இருப்பேன்.

மூன்றாம் தேதியே போனால், சர்தார் மகளுக்காகச் சத்தியத்தை விட்டு ஓடினான் என்பார்கள். சுத்தமாக வந்து அவள் தலையில் கை வைக்க ஆசைப்படுகிறேன். கறைபட்ட கையை எப்படி வைப்பது?

பிள்ளை பொறுத்துக்கொள்ளும். முதல் பிரசவம் எப்போதும் தள்ளித்தான் போகும் என்று நீயே சொல்வாய்.

கொஞ்சம் தைரியமாக இருக்கச் சொல்.

யோ. வீரசாமி

*

ட்ரெகேட்டி
12 டிசம்பர் 1943

யோசேப்பு வீரசாமி அவர்களுக்கு,

உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. எழுதினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் பயமுறுத்தியிருக்கிறார்கள். இனி எனக்கு என்ன ஆகப்போகிறது?

நேற்றுச் சரோஜை அடக்கம் செய்தோம்.

லாஞ்ச் வருகிற அன்றைக்கு ராஜேந்திரா வண்டியோடு துறைக்குப் போனார். உட்காருவதற்குச் சணல் பையும் மேலே போர்வையும் விரித்து எடுத்துப் போனார். வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் எழுந்து வாசற்படிக்கு வந்துவிட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. வண்டியில் கடிதம் மட்டும் வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. "அப்பா வர்றேன்னுதான எழுதியிருக்காரு?" என்றாள். "அப்ப சரி. அவரு வந்து பேர் வைக்கட்டும், அதுவரைக்கும் யாரும் வைக்காதீங்க" என்றாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான்கு நாள் கழித்து வலி வந்தது. வலியோடு இழுப்பும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள், மெரே கிழவி துணியைத் திணித்தாள். பெண் குழந்தை பிறந்தது, அழுதது. அவள் அதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. இழுப்பு நிற்கவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். நான் தலையில் கை வைத்திருந்தேன், லேசான கைதான், வேறு என்ன செய்வது.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. ஒரு பக்கம் ராஜேந்திராவும் பெரியப்பாவும். அந்தப் பக்கத்துக்கு அவளுடைய மனுஷர் யாரும் இல்லை. கொரோவிலிருந்து மெரேயின் மகன்கள் இரண்டு பேர் தாமாக வந்தார்கள், தோள் கொடுத்தார்கள். தங்கள் பாஷையில் பாடிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டினார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மேட்டில்தான் வைத்திருக்கிறோம். நீங்கள் மிதிக்க மாட்டேன் என்ற வாசல் வழியாகத்தான் அவள் போனாள். தோள் கொடுக்க மாட்டேன் என்றீர்கள், கொடுக்கவில்லை. கர்த்தர் கேட்கட்டும் என்றீர்கள். கேட்டார், பாருங்கள், ஒரு வார்த்தை தவறாமல் கேட்டார். உங்கள் சத்தியத்தை அவர் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டார். இனி நீங்கள் சுத்தமானவர்.

இதைப் படித்ததும் உங்கள் வாய் இன்னொரு சத்தியத்துக்குத் துடிக்கும். எனக்கு உங்களைத் தெரியும். இனிமேல் பிரசங்கம் செய்ய மாட்டேன், சர்க்கரை தொட மாட்டேன், ஏதாவது. செய்யாதீர்கள். மிஸ்பாவில் அந்தச் சனங்கள் பென்யமீன்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஆணையிட்டுவிட்டு, அப்புறம் அதைக் காப்பாற்ற எத்தனை ஊர்ப் பெண்களைத் தூக்கிக் கொடுத்தார்கள்! சத்தியத்துக்குச் சத்தியம் போட்டு ஒட்டுப் போடாதீர்கள்.

குழந்தை ஆட்டுப்பாலில் இருக்கிறது. பெயர் இல்லை.

ருக்மணி

*

நபோவாலு துறை
20 டிசம்பர் 1943

சரோஜ் அம்மாவுக்கு,

சரோஜ் அம்மாவுக்கு. சரோஜ் அம்மாவுக்கு. எழுத வராது என்று நினைத்தேன், கை தானாகவே எழுதுகிறது.

காலையில் லாஞ்ச் வந்தது. துறைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ட்ரெகேட்டிக்கு அரிசி மூட்டை எடுக்கப் போகிற வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நானும் கூடவே அந்த வண்டியில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. முன்பு அந்த வாசலை மூடியது என் சத்தியம். இப்போது அது உன் வாசல். நீ சொல்லாமல் மிதிக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். எழுந்து நின்றேன். எழுதி வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் அப்பல்சாமி எழுந்தான். "மாமா, நாங்க அன்னைக்குச் சாலையிலயே விட்டுட்டோமே. அந்தப் புள்ளய யாரு என்ன சொன்னா? நீங்கதான் தனியாப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. இன்னைக்கு எங்ககிட்ட வந்து கேக்குறீங்க" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. அழுதுகொண்டே சொன்னான். எவனும் என்னைக் கட்டிவைத்திருக்கவில்லை, சரோஜ் அம்மா. விடுவிக்க அங்கே கட்டே இல்லை. அதற்காகத்தான் ஒரு லாஞ்சை விட்டேன்.

அன்றைக்கே ஆட்டை அறுத்தோம். எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், நிறையச் சாப்பிட்டேன், மனது லேசாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நாள் கணக்குப் பார்த்தேன். நான் கறி தின்றுகொண்டிருந்தபோது அவள் இன்னும் உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

உன் கடிதத்தை இஸ்மாயில் பாய்தான் தபாலாபீஸிலிருந்து எடுத்து வந்தார். மேலே என் பெயர் உன் கையெழுத்தில் இருந்தது. பிரிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ சொன்னது சரி. இனி நான் எந்தக் காலத்திலும் என்று ஒரு வரி எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டேன். மேலே அடித்திருக்கும் இடத்தைப் பார். என்ன எழுத வந்தேன் என்று கேட்காதே.

கரும்புக் காட்டிலிருந்து அவள் சிரித்துக்கொண்டே வந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது. "அப்பா, எப்ப வந்தீங்க?" இந்தத் துறையில் இறங்கியதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன பதில் சொல்வது?

வா என்றால் வருகிறேன். போ என்றால் இந்த லாஞ்சிலேயே திரும்புகிறேன். அது புதன்கிழமை வரை இங்கேதான் நிற்கும்.

சரோஜ் அப்பா

*

ட்ரெகேட்டி
21 டிசம்பர்

ராஜேந்திரா வண்டி கொண்டுவருகிறார். அவர் உங்களோடு வழியில் பேசாவிட்டால் வருத்தப்படாதீர்கள். என்னோடும் அவர் பேசுவதில்லை.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மன்னிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. குழந்தை தொட்டிலில் தூங்க மாட்டேன் என்கிறது. தோளில் போட்டால்தான் தூங்குகிறது. மெரே கிழவியும் நானும் மாற்றி மாற்றிச் சுமக்கிறோம். எனக்குக் கை ஓய்ந்துபோய்விட்டது. அதனால்தான் வரச் சொல்கிறேன்.

வந்ததும் நேரே உள்ளே நுழையாதீர்கள். வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். யெப்தா வீட்டு வாசலிலிருந்து மகள் வெளியே வந்தாள். உங்களுக்கு யார் வருகிறார்கள் என்று நின்று பாருங்கள். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன்.

மெல்லச் சொல்லாதீர்கள். உரக்கக் கூப்பிடுங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்க வேண்டும்.

சரோஜ் அம்மா